எச்ஓ கிட், ஓஓ ரயில்: எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது

கேள்வி: லண்டனில் இருக்கும் மாமா ஓஓ (OO) அளவு மொடல் ரயில் செற் ஒன்று கொண்டுவந்து தந்தார். ரொறன்ரோவில் இருக்கும் சித்தி மூன்று எச்ஓ (HO) அளவுக் கட்டடக் கிட்டுகள் அனுப்பியிருக்கிறா. ஒரு சின்ன ஜேர்மன் ஸ்ரேசன், ஒரு குட்செட் (சரக்குக் கொட்டில்), ஒரு இரண்டு மாடி வீடு. இரண்டுக்கும் தண்டவாளம் ஒன்றுதான் என்கிறார்கள். ஆனால் ஸ்ரேசன் சுவர்களை ரேப்பால் பிடித்து நிறுத்திப் பார்த்தால், செற்றோடு வந்த ஆள் பொம்மை கதவுக்குள்ளால் குனிந்துதான் போகவேண்டும் போல இருக்கிறது. கிட்டுகளைத் திருப்பி அனுப்ப ஏலாது. இவற்றை வைத்து எங்கள் பக்கத்துப் பழைய ஓட்டுக்கூரை ஸ்ரேசன் மாதிரி ஒன்று செய்ய முடியுமா? (கொண்டாவில் வாசகர்)

பதில்: முடியும். கட்டடம் முழுவதையும் பெருப்பிக்க வெளிக்கிட வேண்டாம். ஆள் கையோ காலோ படும் இடங்களை மட்டும் மாற்றினால் போதும்: கதவு, படி, வாங்கு, பிளாற்போம் உயரம். கூரையும் யன்னலும் சுவரின் நீளமும் என்ன அளவில் இருக்கின்றன என்று பார்க்கிறவர் கண்டுபிடிக்கமாட்டார். கதவைக் கண்டுபிடிப்பார், ஏனென்றால் அதற்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிறார்.

முதலில் கணக்கு. எச்ஓ என்பது 1:87, அதாவது உண்மை அளவின் 87இல் ஒரு பங்கு, ஒரு அடிக்கு 3.5 மி.மீ. ஓஓ என்பது 1:76, ஒரு அடிக்கு 4 மி.மீ. இரண்டும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் ஓடுகின்றன, அதனால்தான் இந்தக் குழப்பம். எச்ஓவில் செய்த ஒரு நீளத்தை 1.143 ஆல் பெருக்கினால் ஓஓ வரும். ஏழில் ஒரு பங்கு கூட்டுவது என்று மனதில் வைத்தால் கல்குலேற்றர் தேவைப்படாது.

6½ அடிக் கதவு எச்ஓவில் 22.75 மி.மீ., ஓஓவில் 26 மி.மீ. 5 அடி 7 அங்குல ஆள் ஓஓவில் 22 மி.மீ.க்குச் சற்றுக் கூட. பொம்மை நிற்க அதன் காலடியில் ஒட்டியிருக்கும் தகடு இன்னும் ஒரு மில்லிமீற்றர். ஆக உங்கள் ஆள் 23 மி.மீ.க்கு மேல், கதவு அதைவிடக் குறைவு. நீங்கள் கண்டது சரி, தலை இடிக்கத்தான் செய்யும்.

ஆனால் ரயிலைக் கட்டடத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினால் பெரிய வித்தியாசம் தெரியாது, கவனித்தீர்களா? அதற்கும் காரணம் இருக்கிறது. பிரித்தானிய ரயில் பெட்டிகள் ஐரோப்பியப் பெட்டிகளைவிட ஒடுக்கமானவை, பதிவானவை. 9 அடி அகலப் பிரித்தானியப் பெட்டி ஓஓவில் 36 மி.மீ. 3.1 மீற்றர் அகல ஐரோப்பியப் பெட்டி எச்ஓவில் 35.6 மி.மீ. பிரித்தானிய எஞ்சினை 1:87இல் செய்தால் அந்தக் காலத்து மோட்டர் உள்ளே அடங்கவில்லை என்பதற்காகத்தான் உடலை மட்டும் 1:76க்குப் பெருப்பித்துவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டார்கள். எனவே எச்ஓ குட்செட்டின் ரயில் வாசலுக்குள் உங்கள் எஞ்சின் பெரும்பாலும் தாராளமாகப் போகும். பிரச்சினை ஆட்களோடுதான்.

வெட்டமுதல் ஒரு சோதனை. கிட் பெட்டியில் எச்ஓ என்று போட்டிருப்பதை நம்பிக் கணக்கிட வேண்டாம். முன் கதவின் உயரத்தை அளந்து 87 ஆல் பெருக்குங்கள். 1950 முதல் 2050 மி.மீ.க்குள் வந்தால் கிட் உண்மையான எச்ஓ. 1750, 1800 என்று வந்தால் கட்டடத்தைச் சுருக்கிச் செய்திருக்கிறார்கள். மேசையில் இடம் மிச்சம் பிடிக்க முந்திய காலத்தில் பலர் இப்படிச் செய்தார்கள். பெட்டியில் எச்ஓ/டிடி (HO/TT; டிடி என்பது எச்ஓவைவிடச் சிறிய அளவு) என்று இரண்டும் சேர்த்து அச்சிட்டிருந்தால் அது 1:100. அப்படிப்பட்டதை ஓஓ பிளாற்போமுக்கு முன்னால் வைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். அது பின் வரிசைக்குத்தான்.

இனி ஸ்ரேசன். கதவை 26 மி.மீ. ஆக்க 3 மி.மீ.க்குச் சற்றுக் கூடத் தேவை. கதவின் தலைப்பக்கம் கைவைக்க வேண்டாம், அங்கே நிலையும் வளைவும் அச்சில் வார்த்திருக்கும். எப்போதும் கீழ்ப்பக்கமாகத்தான் நீட்டவேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு, எது என்பதைக் கிட்டே சொல்லும்.

கதவின் வாசற்படிக்குக் கீழே கல் அத்திவாரம் போல 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் சுவர் தொடர்ந்தால் வேலை சுலபம். அந்த அத்திவாரத்துக்குள் 3.25 மி.மீ. கீழே வெட்டிவிட்டால் கதவு உயர்ந்துவிடும், சுவரில் வேறு மாற்றம் இல்லை. வெட்டுவது முன்பக்கமாக அல்ல, பின்பக்கமாக. முன்பக்கத்தில் செங்கல் வரிகளுக்கு இடையே உள்ள பள்ளம் கத்தி நுனியை இழுத்துக்கொண்டு போய்விடும், பின்பக்கம் வழுவழுப்பு. இரும்பு அடிமட்டத்தை மூலைமட்டத்தோடு சேர்த்துப் பிடித்து, நிறுத்துக் கோடு இரண்டையும் மெதுவாக ஆறேழு தரம் கீறுங்கள். பிறகு கிடைக் கோடு. ஒரே அழுத்தில் வெட்டப் பார்த்தால் மூலையில் வெடிப்பு விழும், அது வெள்ளைக் கோடாகப் பெயின்ற்றுக்குள்ளாலும் தெரியும். கீறல் பாதித் தடிப்பைத் தாண்டியதும் துண்டை முன்னும் பின்னும் அசைத்தால் தானாகக் கழன்று வரும். மிச்சத்தைச் சதுர அரத்தால் சீர்செய்யுங்கள்.

அத்திவாரம் இல்லாமல் கதவு சுவரின் அடிமட்டத்திலேயே முடிந்தால் நான்கு சுவர்களுக்கும் அடியில் 3 மி.மீ. உயரத் துண்டு ஒட்டவேண்டும். நான்குக்கும் ஒரே உயரம், இல்லாவிட்டால் கூரை இருக்காது. சுவரின் தடிப்பை அளந்து அதே தடிப்புள்ள பிளாஸ்ரிக் தாளில் வெட்டுங்கள். கிட் சுவர்கள் பெரும்பாலும் 1.5 அல்லது 2 மி.மீ. தடிப்பு. கதவு வரும் இடத்தில் துண்டை இடைவெளி விட்டு ஒட்டினால் வாசல் தானாகக் கீழே நீண்டுவிடும். உட்புறம் மூட்டின் மேல் 0.5 மி.மீ. தாளில் 8 மி.மீ. அகலப் பட்டி ஒன்றை நீளத்துக்கு ஒட்டுங்கள். அது இல்லாமல் விளிம்போடு விளிம்பு மட்டும் ஒட்டிய மூட்டு, சுவரை மற்றச் சுவரோடு சேர்க்கும்போது வாய் பிளக்கும். பட்டி மூலைக்கு 3 மி.மீ. முன்பே நிற்கவேண்டும். அடுத்த சுவர் வந்து பொருந்த அந்த இடம் தேவை.

துண்டு சேர்த்தபின் யன்னலின் அடிமட்டம் 10.5 மி.மீ.இலிருந்து 13.5 ஆகும், அதாவது 3 அடி 4½ அங்குலம். ஸ்ரேசனுக்கு அது பிழையில்லை. 10 அடிச் சுவர் எச்ஓவில் 35 மி.மீ.; இப்போது 38, ஓஓவில் ஒன்பதரை அடி. கதவின் அகலம் 10.5 மி.மீ.தான் இருக்கும், 3 அடிக்கு 12 வேண்டும். அதை விடலாம். உயரம் சரியாக இருந்தால் ஒன்றரை மில்லிமீற்றர் அகலக் குறைவைக் கண் மன்னித்துவிடும். உயரக் குறைவை மன்னிக்காது.

கிட்டோடு வந்த கதவு இனிப் பொருந்தாது. 0.5 மி.மீ. தாளில் புதுக் கதவு வெட்டி, 2 மி.மீ.க்கு ஒரு கீறல் நிறுத்தாகப் போட்டால் பலகைக் கதவு. நடுவில் ஒரு கீறலை ஆழமாக்கினால் இரட்டைக் கதவு. ஜேர்மன் கதவின் கண்ணாடியையும் பூவேலையையும் விட இதுதான் நம்முடைய ஸ்ரேசனுக்குப் பொருத்தம்.

படிகளை எடுத்து எறியுங்கள். நம்முடைய ஸ்ரேசனில் பிளாற்போமும் உள் நிலமும் ஒரே மட்டமாகப் போகலாம். அப்படி வைத்தால் எச்ஓ படி ஒவ்வொன்றும் குள்ளமாகத் தெரிகிற வில்லங்கம் அடியோடு போய்விடும். கிட்டோடு வந்த வாங்குகளும் ஆட்களும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். எச்ஓ வாங்கில் ஓஓ ஆள் இருந்தால் பாலர் பாடசாலைக் கதிரையில் அதிபர் இருப்பது போல இருக்கும். சாக்கு, பெட்டி, பீப்பா போன்றவற்றுக்கு நிச்சயமான அளவு கிடையாது, அவற்றை வைக்கலாம். சைக்கிளும் பரவாயில்லை. 28 அங்குலச் சில்லு ஓஓவில் 9.3 மி.மீ., எச்ஓவில் 8.2; சுவரில் சாத்தி விட்டால் தெரியாது.

கிட்டோடு வரும் பிளாற்போம் ஐரோப்பியப் பதிந்த வகையாக இருந்தால் பயன்படாது. உங்கள் பெட்டி ஒன்றைத் தண்டவாளத்தில் நிறுத்தி, பலகையிலிருந்து பெட்டிக் கதவின் அடிவரை அளந்து, அதைவிட 1 முதல் 2 மி.மீ. குறைத்துப் பிளாற்போம் உயரத்தை வையுங்கள். நேர்ப் பாதையில் தண்டவாள நடுவிலிருந்து விளிம்புக்கு, பெட்டியின் பாதி அகலம் 18 மி.மீ.யோடு 2 மி.மீ. சேர்த்து 20. வளைவில் இந்தக் கணக்குச் செல்லாது. நீண்ட பெட்டியின் நடுப்பகுதி வளைவின் உள்ளுக்கும் முனைகள் வெளியிலும் தள்ளும். பெட்டியின் நடுவிலும் முனையிலும் பென்சில் துண்டு கட்டி, மெதுவாகக் கையால் தள்ளி, விழும் கோட்டுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு விளிம்பை வையுங்கள்.

கூரைக்குத்தான் அதிக நேரம் போகும். ஆனால் ஜேர்மன் கட்டடம் நம்மூர்க் கட்டடம் ஆவதும் அங்கேதான். பனி வழுக்கி விழ வேண்டும் என்பதால் அவர்களின் கூரை 45 பாகையும் அதற்கு மேலும் நிற்கும். நம்முடைய ஓட்டுக் கூரைக்கு 27 பாகை எடுத்துக்கொள்ளலாம். முக்கோணச் சுவரின் அகலம் 70 மி.மீ. என்றால் 45 பாகையில் உச்சி 35 மி.மீ. உயரம். 27 பாகைக்கு அதை 18 மி.மீ.க்கு வெட்டுங்கள். சாய்வின் நீளம் 49.5இலிருந்து 39 மி.மீ.க்குக் குறையும்; வெளியே நீட்ட இன்னும் 12 மி.மீ. (3 அடி) சேர்த்தால் 51. கூரைத் தளத்துக்கு 1 மி.மீ. தாள் போதும்.

ஓட்டுக்குக் கடதாசியே நல்லது. கள்ளிக்கோட்டை ஓடு ஓஓவில் சுமார் 3 மி.மீ. அகலம், மேலே தெரியும் பகுதி 4 மி.மீ. அளவு. 160 கிராம் கடதாசியை 5.5 மி.மீ. பட்டிகளாக வெட்டி, கீழே நாலைந்து தாள் பழைய பத்திரிகை வைத்து, மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் 3 மி.மீ.க்கு ஒரு கோடு அழுத்துங்கள். கூரையின் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு பட்டியும் முந்தியதை 1.5 மி.மீ. மூடும்படி மேலே ஏற வேண்டும். மேலிருந்து ஒட்டத் தொடங்கினால் கடைசி வரிசை அரைகுறையாக முடியும், அதுவும் கண்ணுக்கு நேரே இருக்கும் கீழ் விளிம்பில். சாய்வு ஒன்றுக்கு 13 பட்டி, இரண்டுக்கும் 26. கட்டடம் 150 மி.மீ. நீளம், இரு பக்கமும் 8 மி.மீ. நீட்சி என்றால் பட்டி 166 மி.மீ. எல்லாம் ஒரு ஏ4 தாளில் அடங்கும். பழுதாவதற்கு இன்னொன்று வைத்திருங்கள்.

மரப்பசையில் தண்ணீர் அதிகம் கலந்தால் கடதாசி ஊறி வளையும். ஐப்பசி, கார்த்திகையில் காற்றே ஈரம். ஒரு பக்கம் மட்டும் பெயின்ற் அடித்த கடதாசி அந்த ஈரத்தை மறுபக்கத்தால் குடித்து அலைபோல எழும்பும். ஒட்டமுதல் பட்டிகளின் இருபக்கமும் மெல்லிய வார்னிஷ் ஒரு தரம் பூசி உலரவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. வார்னிஷ் ஏறிய கடதாசியில் மரப்பசை சரியாகப் பிடிக்காது, அதனால் பட்டிகளைத் தொடர்பு ஒட்டுப்பசையால் (கொன்ராக்ற் பசை, செருப்பு ஒட்டப் பாவிக்கும் வகை) ஒட்டுங்கள். முதலில் ஒரு கழிவுத் துண்டில் சோதித்துப் பாருங்கள், சிலவகைப் பசை பிளாஸ்ரிக்கைத் தின்னும்.

விறாந்தையில் எல்லாரும் விடும் பிழை ஒன்று உண்டு. பிரதான கூரையின் அதே சாய்வைக் கீழே இழுப்பார்கள். 30 மி.மீ. (ஏழரை அடி) விறாந்தைக்கு 27 பாகையில் 15 மி.மீ. இறங்கும். 38 மி.மீ. சுவர் 23 ஆகிவிடும். நீங்கள் கதவில் தீர்த்த பிரச்சினை விறாந்தை வாசலில் திரும்ப வந்து நிற்கும். எனவே விறாந்தை வைத்தால் பிளாற்போம் பக்கம் பிரதான கூரைக்கு மேலே சொன்ன 12 மி.மீ. நீட்சி வேண்டாம், அந்தச் சாய்வுக்கு 10 ஓட்டுப் பட்டி போதும். அதன் அடியிலிருந்து தகரக் கூரையாக 10 பாகையில் இறக்குங்கள். 5 மி.மீ.தான் இறங்கும், வெளி விளிம்பு 33 மி.மீ., எட்டடிக்கு மேல். தூண்கள் 2 மி.மீ. சதுரம், 30 மி.மீ.க்கு ஒன்றாக ஆறு.

சுவரில் வார்த்த செங்கல் வரி எச்ஓ அளவில்தான் இருக்கும். அதை மறைக்க, தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ற்றில் முகப்பவுடர் கலந்து, தயிர்ப் பதத்தில் இரண்டு பூச்சு பூசுங்கள். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் போல வரும், செங்கல்லும் மறையும். பூசமுதல் பாகங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி உலரவிடுங்கள். அச்சு எண்ணெய் இருந்தால் பூச்சு பொருக்காக உரியும். ஸ்பிறே கான் பாவிப்பவர்கள் மழை நாளில் பாவிக்க வேண்டாம், பூச்சு பால் நிறமாக மங்கும்.

ஒட்டுவதற்கு: கிட் பிளாஸ்ரிக் பொலிஸ்ரைரீன். மொடல் கடைப் பசை கிடைக்காவிட்டால் அசற்றோன் அல்லது லாக்கர் ரின்னரைச் சின்னப் பிறஷ் நுனியால் மூட்டில் தொட்டால் தானே உள்ளே ஓடி உருக்கி ஒட்டும். ஒரு தொடுகை போதும். வடியவிட்டால் முகப்பு கரையும். பிவிசி குழாய்ப் பசை ஒட்டும், ஆனால் தடிப்பாக நூல் இழுத்து அசிங்கப்படுத்தும். இவை எல்லாம் சட்டென்று தீப்பிடிப்பவை, பக்கத்தில் நுளம்புச் சுருள் கூட எரியக் கூடாது. யன்னல் கண்ணாடிக்குச் சுப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியில் வெள்ளைப் புகை படியச் செய்யும். மரப்பசை போதும். தாள் பிளாஸ்ரிக் வாங்கக் கஷ்டமென்றால் உணவுப் பெட்டி மூடிகளின் அடியைப் பாருங்கள். முக்கோணத்துக்குள் 6 இருந்தால் பொலிஸ்ரைரீன், பயன்படும். 5 என்றால் எந்த ரின்னரும் அதைப் பிடிக்காது.

குட்செட்டுக்கு வேலை குறைவு. அதன் ஏற்றுமேடைக்குப் பக்கத்தில் சரக்குப் பெட்டியை நிறுத்திப் பாருங்கள். பெட்டியின் தளம் மேடையைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கும், வழக்கமாக 2 மி.மீ. அளவு. முழுக் கட்டடத்தையும் அந்தத் தடிப்புள்ள தாளின் மேல் ஏற்றிவிடுங்கள். சரக்குக் கதவு எப்படியும் பெரிது, தொடவேண்டாம். ஆள் போகும் சின்னக் கதவு ஒன்று இருந்தால் அதை மூடிச் சுவராக்குங்கள்.

இரண்டு மாடி வீட்டில் ஒரு வெட்டும் வேண்டாம். பலகையின் முன் விளிம்பிலிருந்து 40 செ.மீ.க்கு அப்பால் வைத்து, முன்னால் வேலி அடையுங்கள். 6 அடிக் கிடுகு வேலி ஓஓவில் 24 மி.மீ. எச்ஓ கதவு 22.75. வேலி கதவை முழுதாக மறைக்கும், மேல்மாடி யன்னல்கள் மட்டும் தெரியும், அளவைப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. வேலிக்குக் கபில நிறக் கடித உறைக் கடதாசியில் இரு திசையிலும் சாய்வாக நெருக்கமாகக் கீறி, மூன்று வரிசையாக ஒன்றன்மேல் ஒன்று ஒட்டினால் போதும். வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் பனை 60 அடி என்றால் 240 மி.மீ.; அதைப் பாதியாகச் செய்துவிட்டு வீடு பெரிதாகத் தெரிகிறதே என்று யோசிப்பவர்கள் உண்டு. வீட்டுக்குப் பின்னால் வைக்கும் பனையை 200க்குக் குறைத்தால் தூரம் கூடித் தெரியும். கடையில் கிடைக்கும் சிறிய இரும்புக் கார்கள் 1:64 அளவுக்குக் கிட்ட இருக்கும், அவற்றை அந்த வீட்டு வாசலில் விட்டால் எல்லாம் கெட்டுவிடும்.

மட்டைக் கிட்டுகளை அச்சிட்டுச் செய்ய நினைத்தால்: எச்ஓவிலிருந்து ஓஓவுக்கு 114.3 சதவீதம், ஓஓவிலிருந்து எச்ஓவுக்கு 87.5. எச்ஓவிலிருந்து ‘என்’ (N, 1:160) என்ற அளவுக்கு 54.4. அச்சுப்பொறி ‘தாளுக்குப் பொருத்து’ என்று தானாகச் சுருக்குவதை நிறுத்திவிட்டு, 100 மி.மீ. கோடு ஒன்றை அச்சிட்டு அளந்து பாருங்கள். எச்ஓவில் 166 மி.மீ.க்கு மேல் அகலமான சுவர் ஓஓவில் ஏ4 தாளின் 190 மி.மீ. அச்சுப் பரப்பைத் தாண்டும். யன்னல் ஓரமாகப் பிரித்து இரண்டு துண்டாக அச்சிடுங்கள். மட்டையின் தடிப்பு படத்தோடு கூடாது. 1 மி.மீ. மட்டைக்குப் போட்ட செருகுவாய் 1.14 ஆகித் தளரும், அதை வெட்டாமல் கோட்டின் உட்பக்கமாகத் திரும்பக் குறித்து வெட்டவேண்டும். பிளாஸ்ரிக் எச்ஓ கிட்டை ‘என்’ அளவுக்குக் கொண்டுபோக முயல வேண்டாம், வித்தியாசம் இரட்டைக்குக் கிட்ட.

அளவுச் சுத்தம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இலங்கை ரயில் பாதை ஐந்தரை அடி, 1676 மி.மீ. ஓஓவில் அது 22 மி.மீ. ஆக வேண்டும். நீங்கள் ஓடவிடும் 16.5 மி.மீ. பாதை அப்போதே ஐந்தரை மில்லிமீற்றர் ஒடுக்கம், எனவே ஸ்ரேசனில் அரை மில்லிமீற்றருக்குத் தூக்கம் கெடத் தேவையில்லை. பிறகொரு நாள் 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவியையே, கனடாவில் செய்த எம்2 எஞ்சினோடு, நீங்களே கட்ட ஆசை வந்தால் 1676ஐ 16.5 ஆல் வகுத்துப் பாருங்கள்: 101.6. ஒரு அடிக்கு 3 மி.மீ. என்ற அளவில் எஞ்சினையும் பெட்டியையும் கட்டினால், கையில் இருக்கும் அதே தண்டவாளம் நம்முடைய அகலப் பாதைக்கு அச்சொட்டாகப் பொருந்தும். அப்போது எச்ஓ கட்டடங்கள் பெரிதாகிவிடும். பின் வரிசைக்கு என்று மேலே ஒதுக்கிய 1:100 எச்ஓ/டிடி கிட்டைத்தான் அதற்கு முன்னால் கொண்டுவர வேண்டும். அதன் கதவுக்கு அடியில் ஒரு துண்டும் ஒட்டத் தேவையிராது.